கேர் வேலைக்கு ஆள் கிடைக்கலையா, இல்ல கிடைச்ச ஆள் நிக்கலையா?

நீங்க கேட்டது இதுதான்: இங்கிலாந்துல பெரியவங்க வீட்டுக்கே ஆள் அனுப்பி பாத்துக்கற சின்ன ஹோம்கேர் கம்பெனி ஒண்ணு நடத்தறீங்க, 20 கேரர் வேணும், போன 6 மாசத்துல 11 பேரை எடுத்தீங்க, அதுல 7 பேர் போயிட்டாங்க, வெளிநாட்டுல இருந்து ஸ்பான்சர் பண்ணி கூட்டிட்டு வர்ற வழியையும் மூடிட்டாங்க, இனிமே நல்ல ஆளுங்களை எங்க தேடறது, எப்படி நிக்க வைக்கறது? கவுன்சில் (உள்ளாட்சி) கேருக்காக உங்களுக்குக் குடுக்கற ரேட்ல சம்பளத்தை ஏத்த இடமே இல்லைன்னும் சொல்லிருக்கீங்க.

நான் 15 வருஷமா இந்த வேலையிலதான் இருக்கேன். ஒரு கேர் ஹோம்ல நைட் கேரரா சேந்து, சீனியர் ஆகி, டெபுடி ஆகி, அப்புறம் ரெஜிஸ்டர்ட் மேனேஜரா கேர் ஹோம், ஹோம்கேர் ரெண்டுலயும் இருந்துட்டேன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. அந்த 7 பேர் சேந்த தேதி, போன தேதி, ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. பாதிக்கு மேல முதல் 12 வாரத்துக்குள்ளயே போயிருப்பாங்க. நான் பாத்த எல்லா இடத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு. அப்படின்னா உங்களுக்கு ஆள் எடுக்கறதுல பிரச்சனை இல்ல, 6 மாசத்துல 11 பேரை எடுக்கறதுன்னா சின்ன விஷயம் இல்லையே. எடுத்த ஆளை முதல் மூணு மாசம் எப்படி வச்சுக்கறீங்கங்கறதுலதான் பிரச்சனை. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற மாதிரி விளம்பரத்துக்கு மேல விளம்பரம் போட்டு காசு கரைஞ்சதுதான் மிச்சம்.

இது உங்க ஒருத்தர் கதை இல்ல. ஸ்கில்ஸ் ஃபார் கேர்னு கேர் ஆளுங்க கணக்கு வைக்கற அமைப்பு, வருஷா வருஷம் இங்கிலாந்து முழுக்க கணக்கெடுத்து போடறாங்க, 2021-22ல 100 போஸ்ட்டுக்கு 10க்கு மேல காலியா இருந்துச்சு, 2024-25ல அது 7க்கு இறங்கிடுச்சு. ஆனா வருஷத்துக்கு நாலுல ஒருத்தர் கிட்டத்தட்ட இன்னமும் வேலையை விட்டுட்டுத்தான் இருக்காங்க. அப்படி விடறவங்கள்ல பாதிக்கு மேல கேரை விட்டே போகல, பக்கத்துல இருக்கற இன்னொரு கேர் கம்பெனிக்குத்தான் போறாங்க. இதை நல்லா மனசுல வாங்கிக்கங்க. உங்களை விட்டு போனவங்களுக்கு பெரியவங்களைக் குளிப்பாட்டறதோ பேட் மாத்தறதோ பிடிக்காம போகல, அதையேதான் வேற யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வேற தெருவுல செய்றாங்க.

சரி, ஏன் போறாங்க? சம்பளம்னு எல்லாரும் சொல்றோம், அது உண்மைதான், ஆனா மணிக்கு எவ்ளோங்கறதுல பாதி உண்மைதான் இருக்கு. மீதி பாதி ரோட்டாவுல, அதாவது யார் எப்ப எந்த வீட்டுக்கு போகணும்ங்கற அட்டவணையில இருக்கு. உங்க கேரர் ஒருத்தரோட ஒரு நாள் ரோட்டாவை எடுத்து பாருங்க, அனேகமா இப்படித்தான் இருக்கும்: காலைல 7 மணிக்கு 45 நிமிஷ கால் (கிளையன்ட் வீட்டு விசிட்), 8க்கு அரை மணி, 8.45க்கு அரை மணி, 9.30க்கு அரை மணி. அப்புறம் 12 வரைக்கும் ஒண்ணும் இல்ல. 12க்கு ஒண்ணு, 12.45க்கு ஒண்ணு, ரெண்டும் அரை மணி. திரும்ப சாயங்காலம் 4.30, 5.15, 6 மணி, மூணும் அரை அரை மணி. அதுக்கப்புறம் ராத்திரி 8க்கு அரை மணி, 8.45க்கு அரை மணி, 9.30க்கு 15 நிமிஷம். மொத்தமா கூட்டுங்க, 6 மணி நேரம்தான் வருது. காலைல 7 மணிக்கு ஆரம்பிச்சவங்க 9.45க்குத்தான் முடிக்கறாங்க, அதாவது 14 மணி 45 நிமிஷம் வீட்டை விட்டு வெளிய, பாதி நேரம் ஏதோ சூப்பர்மார்க்கெட் கார் பார்க்ல ஹீட்டரை போட்டுக்கிட்டு சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க, ஏன்னா வீட்டுக்கு போய்ட்டு திரும்பி வர்ற பெட்ரோலுக்கு கட்டுப்படி ஆகாது.

இப்ப காசு கணக்கு பாருங்க. காலுக்குள்ள இருக்கற நேரத்துக்கு மட்டும் மணிக்கு 13 பவுண்ட் குடுக்கறீங்கன்னு வைங்க, 6 மணி நேரத்துக்கு 78 பவுண்ட். ஒரு கால்ல இருந்து அடுத்த காலுக்கு போற 15 நிமிஷம், அன்னைக்கு 8 தடவை, அது ஒரு 2 மணி நேரம். அந்தப் பயண நேரமும் சட்டப்படி வேலை நேரம்தான், வீட்ல இருந்து முதல் காலுக்கு போறதும் கடைசி கால்ல இருந்து வீட்டுக்கு வர்றதும்தான் சேராது. அப்ப 8 மணி நேர வேலைக்கு 78 பவுண்ட், மணிக்கு 9.75. 21 வயசு ஆனவங்களுக்கு சட்டப்படி குறைஞ்சபட்ச மணிக்கூலி, அதாவது நேஷனல் லிவிங் வேஜ், 2025 ஏப்ரல்ல 12.21, 2026 ஏப்ரல்ல இருந்து 12.71. "நாங்க 13 பவுண்ட் தர்றோம்"னு விளம்பரத்துல போட்டுட்டு சட்டத்துக்குக் கீழ குடுத்துட்டு இருக்கோம்னு பல ஓனர்களுக்கு தெரியவே தெரியாது. வரித்துறை, அதாவது எச்எம்ஆர்சி, வந்து பாத்தா 6 வருஷம் பின்னாடி வரைக்கும் போய் பாக்கி கேப்பாங்க, அதுக்கு மேல பாக்கியைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம், பேரையும் வெளியிடுவாங்க. நான் பயமுறுத்தறதுக்காக சொல்லல. கேரர் இந்தக் கணக்கை எச்எம்ஆர்சிக்கு முன்னாடியே போட்டுடறாங்க, ரெண்டாவது பேஸ்லிப் கைக்கு வந்த அன்னைக்கே வேற வேலை தேட ஆரம்பிச்சுடறாங்க.

அதனால நீங்க முதல்ல மாத்த வேண்டியது மணிக்கூலியை இல்ல, ரோட்டாவை. ரவுண்டை ஏரியா ஏரியாவா பிரிங்க, ஒருத்தர் ஒரே போஸ்ட்கோடுக்குள்ள சுத்தற மாதிரி. ஊருக்கு வெளிய தனியா 25 நிமிஷ தூரத்துல ஒரு கிளையன்ட் இருந்தா, அவங்களுக்கு வேற நல்ல ஏஜென்சி ஏற்பாடாகற வரைக்கும் பாத்துட்டு கவுன்சில்கிட்ட முறைப்படி நோட்டீஸ் குடுத்து கை மாத்தி விடுங்க. மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அந்த ஒரு கால் நாலு கேரரை தின்னுடும். முழு நாளையும் ஒரே ஆள் தலையில போடாம, காலை ரவுண்டு ஒருத்தருக்கு, சாயங்கால ரவுண்டு ஒருத்தருக்குன்னு ஷிஃப்டா பிரிங்க, 7ல இருந்து 2 வரைக்கும்னா அந்த 7 மணி நேரத்துக்கும் காசு, நடுவுல அரை மணி காலி இருந்தாலும் காசு. "அய்யோ, வேலை செய்யாத நேரத்துக்கா?"ன்னு தோணும். தோணட்டும், ஒரு தடவை கணக்கு போட்டு பாருங்க, ஒரு ஆள் போய் இன்னொரு ஆளை எடுத்து விளம்பரம், டிபிஎஸ் (குற்றப் பின்னணி சோதனை), ட்ரெயினிங், ஷேடோ ஷிஃப்ட் (பழைய கேரர்கூட போய் பாத்து கத்துக்கறது) சம்பளம், நடுவுல ஏஜென்சி ஆளுக்கு அழுத காசுன்னு கூட்டினா எவ்ளோ வருதுன்னு.

மைலேஜும், அதாவது கேரர் சொந்தக் காரை ஓட்டறதுக்குக் குடுக்கற காசும் அப்படித்தான். எச்எம்ஆர்சி வரி இல்லாம குடுக்க அனுமதிக்கற ரேட் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதுக்கு மேல 25 பென்ஸ். நிறைய கம்பெனி 20, 25 பென்ஸ் குடுத்துட்டு கேரரோட காரை தேய்க்கறாங்க. உங்களால 45 முடியலன்னாலும் எவ்ளோ முடியுமோ அதை வெளிப்படையா சொல்லிடுங்க. கார் இல்லாத நல்ல ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு நடந்தே போற மாதிரி ஒரு வாக்கிங் ரவுண்ட் போட முடியுமான்னு பாருங்க, டவுனுக்குள்ள கிளையன்ட் நெருக்கமா இருந்தா தாராளமா முடியும்.

ஜீரோ அவர்ஸ், அதாவது இத்தனை மணி நேரம் வேலைன்னு உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தம், அந்த விஷயத்துல எனக்கு ஒரே அபிப்பிராயம்தான். கேக்கறவங்களுக்கு மட்டும் அதை வைங்க, ஸ்டூடன்ட்டா இருப்பாங்க, வேற வேலை இருக்கும், அவங்களுக்கு அது வசதி. மத்தவங்களுக்கு 16, 24, 30 மணி நேரம்னு ஏதோ ஒண்ணு உத்தரவாதமா எழுதிக் குடுங்க. வாடகை கட்டறவங்களுக்கு இந்த மாசம் எவ்ளோ வரும்னு தெரியணும். ஒரு கிளையன்ட் ஆஸ்பத்திரிக்கு போயிட்டா அவங்க கேரருக்கு அந்த வாரம் பாதி சம்பளம் போச்சுன்னா, அவங்க எப்படி உங்ககூட நிப்பாங்க? கிளையன்ட் ஆஸ்பத்திரிக்கு போறது நடத்தறவங்க ரிஸ்க். அதை மணிக்கு 13 பவுண்ட் வாங்கறவங்க தலையில கட்டக்கூடாது.

கவுன்சில் ரேட் பத்தி சொன்னீங்க. புரியுது, 2025 ஏப்ரல்ல எம்ப்ளாயர் நேஷனல் இன்ஷூரன்ஸ் 13.8ல இருந்து 15 சதவீதம் ஆச்சு, அதை கட்ட ஆரம்பிக்கற வரம்பும் 9,100 பவுண்ட்ல இருந்து 5,000க்கு இறங்குச்சு, பார்ட் டைம் ஆளுங்க அதிகமா இருக்கற நம்ம தொழிலுக்கு அந்த ரெண்டாவதுதான் பெரிய அடி. கவுன்சில்கிட்ட பேசும்போது பொதுவா "கட்டுப்படி ஆகல"ன்னு சொல்லாதீங்க, ஒரு மணி நேர கேருக்கு சம்பளம் இவ்ளோ, பயண நேரம் இவ்ளோ, லீவு சம்பளம் இவ்ளோ, பென்ஷன் இவ்ளோ, ட்ரெயினிங் இவ்ளோன்னு உடைச்சு எழுதிக் குடுங்க. 15 நிமிஷ கால் வந்தா கேள்வி கேளுங்க. அரை மணிக்குக் குறைஞ்ச விசிட் குறிப்பிட்ட சின்ன வேலைக்கு, தெரிஞ்ச கேரர் போனா மட்டும்தான் சரின்னு நைஸ்ங்கற வழிகாட்டுதல் அமைப்பு 2015லயே சொல்லியிருக்கு. அதை கையில வச்சுக்கிட்டு பேசினா கொஞ்சமாவது இறங்கி வர்றாங்க, எல்லா கவுன்சிலும் இல்ல, சிலது.

ரேட்ல இடமே இல்லைன்னாலும் ஒண்ணு மட்டும் செய்யலாம். உங்ககிட்ட 5 வருஷம் இருக்கறவங்களுக்கும் நேத்து சேந்தவங்களுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பாருங்க. மினிமம் வேஜ் ஏற ஏற அடியில இருக்கறவங்க மேல வந்துட்டாங்க, அனுபவசாலிங்க அங்கேயே நின்னுட்டாங்க, இப்ப துறை முழுக்கவே அனுபவத்துக்கு சில பென்ஸ்தான் அதிகம் கிடைக்குது. புதுசா வர்றவங்களுக்கு ஹாயிஸ்ட் (ஆளைத் தூக்கற மெஷின்) போட சொல்லிக் குடுக்கறது யாரு? அந்த பழைய ஆள்தான். அவங்களுக்கு மணிக்கு 50 பென்ஸாவது கூட வச்சு, "நீங்க சொல்லிக் குடுக்கறதுக்கு"ன்னு பேரு வச்சே குடுங்க.

இப்ப முதல் 12 வாரத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். பல வருஷத்துக்கு முன்னாடி நான் ஹோம்கேர்ல மேனேஜரா புதுசு. ஒரு பொண்ணை எடுத்தோம், சூப்பர்மார்க்கெட்ல வேலை பாத்தவங்க, அருமையான ஆள். மூணு நாள் ஷேடோ போனாங்க. நாலாவது நாள் ஒருத்தர் சிக் சொல்லிட்டாங்கன்னு இவங்களைத் தனியா அனுப்பிட்டோம். டிமென்ஷியா இருக்கற ஒரு பெரியவர், தெரியாத முகத்தைப் பாத்தா கதவைத் திறக்க மாட்டார், அது கேர் பிளான்ல பதினோராவது பக்கத்துல இருந்துச்சு, இவங்களுக்கு யாரும் சொல்லல. மழையில வாசல்ல நின்னுக்கிட்டு ஆன்-கால் (அவசர உதவி) நம்பருக்கு மூணு தடவை அடிச்சிருக்காங்க. அன்னைக்கு ஆன்-கால் நான்தான், இன்னொரு கால்ல டபுள்-அப்புக்கு (ரெண்டு கேரர் சேந்து செய்ய வேண்டிய விசிட்) ஆள் இல்லாம நானே ஹாயிஸ்ட் போட்டுக்கிட்டு இருந்தேன், ஃபோன் கோட் பாக்கெட்ல. அவங்க எப்படியோ பக்கத்து வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு கதவைத் திறக்க வச்சு, அவருக்கு மாத்திரை குடுத்து, மார் சார்ட்ல (மருந்து குடுத்த பதிவு) எழுதி, எல்லாம் ஒழுங்கா முடிச்சுட்டாங்க. அடுத்த நாள் காலைல ஆஃபீஸ் லெட்டர் பாக்ஸ்ல ஒரு கவர், உள்ள பேட்ஜும் துவைச்சு மடிச்ச டூனிக்கும். ஒரு வார்த்தை எழுதல. துவைச்சு மடிச்சு குடுத்திருந்தாங்க பாருங்க, அதுலயே தெரியுது எப்படிப்பட்ட ஆளை நான் இழந்தேன்னு.

அதுக்கப்புறம் நான் ரெண்டு மூணு வழக்கம் வச்சுக்கிட்டேன், அதை மாத்தவே இல்ல. புது ஆளை அவங்க வாயாலயே "நான் ரெடி"ன்னு சொல்ற வரைக்கும் தனியா அனுப்பறதில்ல, அதுவும் முதல்ல அவங்க ஷேடோ போன அதே வீடுகளுக்குத்தான், மார் சார்ட் கையில குடுக்கறதுக்கு முன்னாடி மாத்திரை குடுக்கறதை யாராவது கூட நின்னு பாத்து கையெழுத்து போட்டிருக்கணும். தனியா போற முதல் நாள் முடிஞ்சதும் சாயங்காலம் நானே ஃபோன் பண்ணுவேன், "எப்படி இருந்துச்சு"ன்னு இல்ல, "எந்த வீட்ல கஷ்டமா இருந்துச்சு"ன்னு கேப்பேன். எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க. எந்த வீட்லன்னு கேட்டா பதில் வரும். அப்புறம் 2வது வாரம், 4வது வாரம், 8வது வாரம் நேர்ல உக்காந்து 20 நிமிஷம். ஆன்-கால் ஃபோனை எடுக்கறதுக்குன்னே ஒரு ஆள், அவங்க கிளையன்ட் வீட்டு விசிட்டுக்கு போகக்கூடாது.

புது கேரரோட அடிப்படைப் பயிற்சியான கேர் சர்டிஃபிகேட்டை வெறும் ஆன்லைன் டிக் பண்ற வேலையா ஆக்கிடாதீங்க. 2015ல 15 ஸ்டாண்டர்டோட ஆரம்பிச்சது, 2025ல லேர்னிங் டிசபிலிட்டி, ஆட்டிசம் பத்தின 16வதும் சேந்துச்சு. 12 வாரத்துக்குள்ள முடிக்கணும்னு வச்சுட்டு, அதை வீட்ல ராத்திரி உக்காந்து சொந்த நேரத்துல பண்ண சொல்றாங்க பல இடத்துல, அது தப்பு, அதுக்கும் காசு குடுக்கணும். மூவிங் அண்ட் ஹேண்ட்லிங்கை, அதாவது ஆளைத் தூக்கி நகத்தறதை, வீடியோல பாத்து யாரும் கத்துக்க முடியாது, ஹாயிஸ்ட்ல மாட்டற ஸ்லிங்ல ஒரு தடவை தாங்களே படுத்து தூக்கப்பட்டு பாத்தவங்கதான் அதுக்கப்புறம் கிளையன்ட்டை மெதுவா தூக்குவாங்க.

ஆள் தேடறது பத்தி கேட்டீங்க, அதுக்கும் வர்றேன். விளம்பரத்துல "அன்பும் அர்ப்பணிப்பும் உள்ளவர்கள் தேவை"ன்னு போடாதீங்க, எல்லாரும் அதைத்தான் போடறாங்க. ஏரியா, ஷிஃப்ட் நேரம், மணிக்கு எவ்ளோ, பயண நேரத்துக்கு காசு உண்டு, உத்தரவாத மணி நேரம் இவ்ளோ, அனுபவம் வேண்டாம், ட்ரெயினிங் காசோட. அவ்ளோதான். அப்ளிகேஷன் வந்த அன்னைக்கே ஃபோன் பண்ணுங்க. கேர் வேலைக்கு அப்ளை பண்றவங்க ஒரே ராத்திரியில பத்து இடத்துக்கு பண்ணுவாங்க, முதல்ல ஃபோன் பண்ணி பேர் சொல்லி பேசறவங்களுக்குத்தான் கிடைக்கறாங்க. இன்டர்வியூ ரெண்டு நாளுக்குள்ள. டிபிஎஸ் வர்ற வரைக்கும் வாரத்துக்கு ஒரு ஃபோன், இல்லன்னா அந்த இடைவெளியில வேற வேலைக்கு போயிடுவாங்க. டிபிஎஸ் காசை நீங்க கட்டுங்க, சம்பளத்துல பிடிக்காதீங்க.

நல்ல ஆள் எங்க கிடைக்கும்னா, என் அனுபவத்துல முதல் இடம் உங்க நல்ல கேரர்கள் கூட்டிட்டு வர்றவங்க. நல்லா வேலை செய்றவங்க சோம்பேறியைக் கூட்டிட்டு வர மாட்டாங்க, ஏன்னா டபுள்-அப் கால்ல கூட நிக்கப்போறது அவங்கதானே. அதுக்கு ஒரு தொகை குடுங்க, பாதி சேந்ததும், பாதி 12 வாரம் முடிஞ்சதும், அப்ப கூட்டிட்டு வந்தவங்களே புது ஆளைப் பாத்துக்குவாங்க. அடுத்தது, ஏற்கனவே உங்களை விட்டுப் போன நல்லவங்க. ஃபோன் பண்ணி "ரோட்டாவை மாத்திருக்கோம், வந்து பாக்கறீங்களா"ன்னு கேளுங்க, ஈகோ பாக்காதீங்க. அப்புறம் குழந்தைங்களை ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற அம்மாக்கள், 9.30ல இருந்து 2.30 வரைக்கும்னு ஒரு ஷிஃப்ட் இருந்தா வருஷக்கணக்கா நிப்பாங்க. 50 வயசு தாண்டினவங்க, சொந்த அம்மா அப்பாவை பாத்துக்கிட்டு அவங்க தவறினதுக்கப்புறம் வேலைக்கு திரும்பறவங்க, இவங்களை நான் தேடித் தேடி எடுத்திருக்கேன், யாருமே ஏமாத்தினதில்ல.

இன்டர்வியூல சர்டிஃபிகேட்டைவிட ஆளைப் பாருங்க. கேர் ஹோம்ல இருந்தப்ப, வர்றவங்களை பேசி முடிச்சதும் லவுஞ்சுக்கு கூட்டிட்டு போய், ரெசிடென்ட்ஸ்கூட ஒரு கால் மணி நேரம் டீ குடிக்க உக்கார வைப்பேன், நானும் கூடவே இருப்பேன். ஒருத்தர் கேர்ல லெவல் 3 தகுதி முடிச்சவர், இன்டர்வியூல அழகா பேசினவர், லவுஞ்சுல நின்னுக்கிட்டு என்கூடவே பேசிட்டு இருந்தார், உக்காரவே இல்ல. இன்னொரு அம்மா, கேர் வேலையே பாத்ததில்ல, ஸ்கூல் கிச்சன்ல இருந்தவங்க. ஸ்ட்ரோக் வந்து ஒரு கை விழுந்துட்ட பெரியவர் பக்கத்துல உக்காந்தாங்க, அவர் டீ அந்த விழுந்துபோன கை பக்கம் இருந்துச்சு. இவங்க பேசிக்கிட்டே கப்பை எடுத்து நல்ல கை பக்கம் வச்சாங்க, கப்போட பிடி அவர் விரலுக்கு நேரா வர்ற மாதிரி திருப்பி. என்னைத் திரும்பிக்கூட பாக்கல. அங்கேயே முடிவு பண்ணிட்டேன், 7 வருஷம் எங்ககூட இருந்தாங்க. ஹோம்கேர்ல லவுஞ்ச் கிடையாது, ஆனா உங்க கிளையன்ட்ல பேச்சுத் துணை விரும்பறவங்க ஒருத்தரை அனுமதி கேட்டு இன்டர்வியூல கூட உக்கார வைக்கலாம், அவங்க கேக்கற கேள்வி நம்ம கேள்வியைவிட கூர்மையா இருக்கும்.

ஆனா அவசரத்துல செக்கை மட்டும் விட்டுடாதீங்க. அவசரத்துல அண்டாவுல கூட கை நுழையாது. ஆள் எடுக்கறதுக்கான சட்ட விதி ரெகுலேஷன் 19படி வேலை பாத்த முழு வரலாறு வேணும், நடுவுல இடைவெளி இருந்தா எழுத்துல விளக்கம் வேணும், முன்னாடி கேர்ல இருந்தவங்கன்னா அங்க எப்படி நடந்துக்கிட்டாங்க, ஏன் விட்டாங்கன்னு தெரியணும், கேர் கம்பெனிகளைக் கண்காணிக்கற சிக்யூசி வந்தா முதல்ல பாக்கற ஃபைலே இதுதான். தனியா ஒரு வீட்டுக்குள்ள, எழுந்திருக்க முடியாதவங்ககிட்ட அனுப்பற ஆள் இவங்கங்கறதை மறக்கவே கூடாது.

ஸ்பான்சர்ஷிப் விஷயம். 2022 பிப்ரவரியில கேரரை ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவுல சேத்தாங்க, 2023-24ல மட்டும் வெளிநாட்டுல இருந்து சுமார் 1,05,000 பேர் இந்தத் துறைக்கு வந்தாங்க, 2024 மார்ச்ல குடும்பத்தைக் கூட்டிட்டு வர்றதை நிறுத்தினாங்க, 2024-25ல வந்தவங்க சுமார் 50,000 ஆச்சு, 2025 ஜூலை 22ல வெளிநாட்டுல இருந்து புதுசா எடுக்கறதையே மூடிட்டாங்க. ஆனா ஏற்கனவே இங்க இருக்கறவங்க விசா மாத்தி வர்றதுக்கு 2028 ஜூலை வரைக்கும் வழி இருக்கு. 2022 ஜூலையில இருந்து 2024 டிசம்பர் வரைக்கும் 470க்கு மேல கேர் ஸ்பான்சர்களோட லைசென்ஸை ரத்து பண்ணாங்க, அதுல மாட்டினவங்க 39,000க்கு மேல. நம்ம ஊர் பசங்களும் பொண்ணுங்களும் அதுல எத்தனையோ பேர், வீட்டை அடமானம் வச்சு ஏஜென்ட்டுக்கு குடுத்துட்டு வந்து வேலையே இல்லாம நின்னவங்க. உங்ககிட்ட லைசென்ஸ் இருந்தா முதல்ல இவங்களைத் தேடுங்க, அந்தந்த ரீஜன்ல இவங்களை வேலையில சேக்கறதுக்குன்னே 2025-26ல அரசு பணத்துல பார்ட்னர்ஷிப் இருந்துச்சு, இப்பவும் நடக்குதான்னு விசாரிச்சு அவங்ககிட்ட பேசுங்க. ஸ்பான்சர் லைசென்ஸ் செலவையோ சர்டிஃபிகேட் செலவையோ அவங்ககிட்ட ஒரு பைசா வாங்காதீங்க, 2024 டிசம்பர் 31ல இருந்து அது தெளிவா தடை. அதோட விசா கையில இருக்குங்கற தைரியத்துல கண்ட ரோட்டாவையும் அவங்க தலையில தள்ளாதீங்க. வேற வழியில்லாம நிக்கறவங்க நமக்காக நிக்கறாங்கன்னு ஏமாந்துடக்கூடாது, வழி திறந்த அன்னைக்கு போயிடுவாங்க, போகணும்.

ஸ்டூடன்ட் விசாவுல இருக்கறவங்களை எடுத்தா, டிகிரி படிக்கறவங்களுக்கு டேர்ம் நேரத்துல வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அதுக்கு மேல "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க"ன்னு கேட்டுடாதீங்க, அவங்க வாழ்க்கையே போயிடும்.

இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு, யாரும் பேசறதில்ல, ஆனா ஆளுங்க மனசு விட்டுப் போறது இதுலதான். ஒண்ணு, கிளையன்ட் இறந்து போறது. ஒரு கேரர் ரெண்டு வருஷம் தினம் காலைல போய் எழுப்பி, முகம் துடைச்சு, கஞ்சி குடுத்த ஒரு அம்மா ராத்திரி தவறிடறாங்க. கேரருக்கு எப்படி தெரியுது? ஆப்ல அந்த கால் காணாம போயிடுது. இல்ல, "நாளைக்கு 8 மணி கால் கேன்சல், அதுக்கு பதிலா இங்க போங்க"ன்னு ஒரு மெசேஜ். இது நடக்குது, தினம் நடக்குது. தயவுசெஞ்சு ஃபோன் பண்ணி சொல்லுங்க, யாரா இருந்தாலும், ராத்திரி எந்த நேரமா இருந்தாலும். அந்த எட்டு மணி ஸ்லாட்டை அன்னைக்கு காலியா விட்டு அதுக்கும் காசு குடுங்க. ஃபியூனரலுக்கு போகணும்னா சம்பளத்தோட அனுப்புங்க.

இன்னொண்ணு, நிறவெறி. "கறுப்பா இருக்கறவங்களை அனுப்பாதீங்க"ன்னு கிளையன்ட்டோ மகனோ ஃபோன் பண்ணுவாங்க. பல ஆஃபீஸ் சத்தம் போடாம ரோட்டாவை மாத்திடுது, கேரருக்கு காரணம் சொல்றதே இல்ல, ஆனா அவங்களுக்கு தெரியாமலா இருக்கும். டிமென்ஷியாவுல பேசறதை தனியா பாக்கணும், அதுக்கு கேர் பிளான்ல வழி இருக்கு, கேரரையும் உக்கார வச்சு பேசணும். ஆனா புத்தி தெளிவா இருக்கற மகன் பேசினா, நான் எழுத்துல பதில் குடுப்பேன், எங்க ஸ்டாஃபை இப்படிப் பிரிச்சு அனுப்ப மாட்டோம்னு, அதோட ஒரு காப்பியை கவுன்சிலுக்கும். அந்த லெட்டரை கேரர்கிட்ட காட்டுவேன். அதுக்கப்புறம் அவங்க வேற கம்பெனியில 30 பென்ஸ் கூட வருதுன்னு போனதில்ல.

உடம்பு சரியில்லாம போறதையும் சேத்துக்கங்க. 2026 ஏப்ரல்ல இருந்து ஸ்டேட்யூட்டரி சிக் பே (உடம்பு சரியில்லாத நாளுக்கு சட்டப்படி சம்பளம்) முதல் நாள்ல இருந்தே குடுக்கணும், முன்ன இருந்த மூணு நாள் காத்திருப்பு கிடையாது, குறைவா சம்பாதிக்கறவங்களுக்கும் உண்டு. நல்லதுதான், காய்ச்சலோட 90 வயசு ஆளைக் குளிப்பாட்ட போக வேண்டிய நிலைமை இனி கொஞ்சம் குறையும். பட்ஜெட்ல இப்பவே எழுதிக்கங்க. 2028ல நம்ம துறைக்குன்னு, சம்பளத்தை துறை முழுக்க நிர்ணயிக்கற ஃபேர் பே அக்ரிமென்ட் வரப்போறதா அரசு சொல்லி, 500 மில்லியன் பவுண்டும் அதுக்கு ஒதுக்கியிருக்கு, அது வந்தா பாக்கலாம், அதுவரைக்கும் காத்திருக்க உங்களுக்கு நேரம் இல்ல.

இப்போதைக்கு பள்ளத்தை எப்படி நிரப்பறதுன்னா, புது பேக்கேஜ் (கவுன்சில் அனுப்பற புது கிளையன்ட்டோட கேர்) எடுக்கறதை ஒரு 8 வாரம் நிறுத்துங்க. கவுன்சில்ல இருந்து ஃபோன் வரும், இல்லைன்னு சொல்றது கஷ்டம், ஆனா ஆள் இல்லாம எடுத்த ஒவ்வொரு பேக்கேஜும் இருக்கற ஆளோட லீவு நாள்ல இருந்துதான் வருது. ஏஜென்சி ஆளை வேணும்னா எடுங்க, ஆனா புதுசா சேந்தவங்க வீட்டுக்கு இல்ல, பழைய கேரர்கூட டபுள்-அப் காலுக்கு மட்டும்.

அதுக்கு நடுவுல, அந்த 11 பேர்ல மிச்சம் இருக்கற 4 பேர் இருக்காங்களே, அவங்களை ஒவ்வொருத்தரா, சம்பளத்தோட அரை மணி நேரம் கூப்பிட்டு உக்கார வைங்க. அவங்க போன வார ரோட்டாவை பிரிண்ட் எடுத்து டேபிள்ல வச்சு, எந்த கால் கஷ்டம், எந்த இடைவெளி வீண், யார் வீட்டுக்கு போக பிடிச்சிருக்குன்னு அவங்க கையாலயே பேனால குறிக்க சொல்லுங்க. அந்த நாலு பேப்பரையும் வச்சுக்கிட்டு அடுத்த ரோட்டாவை போடுங்க, போட்டதும் எனக்கு அனுப்புங்க, பேரெல்லாம் அடிச்சுட்டு, சேந்து பாக்கலாம்.